பிற்கால ரோமானிய வெண்கலக் காசுகளைப் படித்தறிவது எப்படி?

பிற்கால ரோமானியக் காசு கையில் வந்ததும் பலரும் பேரரசரின் முகத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள்; பின்புறத்திலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் அனுபவம். பேரரசர் கான்ஸ்டன்டைனும் அவருடைய மகன்களும் முகத்தாலும் பெயராலும் ஒருவரையொருவர் ஒத்திருப்பதால், எழுத்து தேய்ந்துவிட்டால் பிரித்தறிவது கடினம். பின்புற உருவமோ பாதி அழிந்திருந்தாலும் காலத்தைச் சொல்லிவிடும்.

இரு வீரர்களுக்கு நடுவே இரண்டு படைக்கொடிகள் நின்றால் அக்காசு கி.பி. 330ஐ ஒட்டித் தொடங்கிய வகை. ஒரே கொடி நின்றால் ஏறத்தாழ 335க்குப் பிந்தியது. குதிரையிலிருந்து விழும் எதிரியை வீரன் ஈட்டியால் குத்தும் காட்சி 348இன் நாணயச் சீர்திருத்தத்தோடு வந்தது. வெற்றித் தேவதை கைதியை இழுத்துச் செல்லும் மிகச் சிறிய காசு 388ஐ ஒட்டித் தொடங்குகிறது. எடையும் துணை செய்யும்: 294ஐ ஒட்டிப் பேரரசர் டயோக்ளீஷியன் வெளியிட்ட காசு சுமார் 10 கிராம் இருந்தது, ஒற்றைக்கொடிக் காசு பெரும்பாலும் 2 கிராமைக்கூட எட்டுவதில்லை.

அடுத்து, உருவத்தின் காலடிக் கோட்டுக்குக் கீழே உள்ள எழுத்துகளை, விளக்கொளி பக்கவாட்டில் விழுமாறு காசைச் சாய்த்து, லென்ஸ் வழியாகப் பாருங்கள். அங்கே ‘எஸ்எம்ஏஎன்’ (SMAN) என்றிருந்தால் அது அந்தியோக்கியா அக்கசாலையில், அதாவது காசு அடிக்கும் சாலையில், அடித்தது. அதன்பின் கிரேக்கத்தின் மூன்றாம் எழுத்தான காமா (Γ) நின்றால் அங்கிருந்த மூன்றாம் பட்டறை. ‘ஏஎல்இ’ (ALE) என்பது அலெக்சாந்திரியா.

பித்தளைப் பாத்திரத்தைப் போலப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். அமிலம் பட்டால் கெட்டியான களிம்போடு அதில் பதிந்த எழுத்தும் போய்விடும். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நீரை அவ்வப்போது மாற்றி, மூங்கில் குச்சியால் மண்ணை மட்டும் நீக்குங்கள். வெளிர்பச்சைத் தூள் உதிர்ந்தால் அது காசை அரிக்கும் நோய். அந்தக் காசை உடனே தனியே பிரித்து, ஈரம் படாமல் வையுங்கள்.

கரூர் அமராவதி ஆற்றுப்படுகையிலும் மதுரையிலும் இலங்கையிலும் 4, 5ஆம் நூற்றாண்டுச் சிறுகாசுகள் கிடைத்துள்ளன. இலங்கையில் உள்ளூரில் செய்த நகல்களும் உண்டு என்பதால், எழுத்திருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடுகள் தெரிந்தாலும் ஒதுக்கிவிட வேண்டாம். இந்தியாவில் மண்ணில் புதையல் கண்டெடுத்தால் 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும். விலைக்கு வாங்கும் காசுக்கு, விற்றவர் சொன்ன கிடைத்த இடத்தையும் எடையையும் விட்டத்தையும் அன்றே எழுதி, அந்தச் சீட்டைக் காசோடு ஒரே உறையில் வையுங்கள்.