பழைய அமெரிக்க ஆவணங்களில் மூதாதையரைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு தோழி தன் கணவர் குடும்பத்தின் வம்சாவளியைக் கொண்டுவந்து காட்டினாள். நார்த் கரோலைனா, 1790. பார்த்ததுமே எனக்கு வயிற்றைப் பிசைந்தது, ஏனென்றால் நான் அந்த நாளில் செய்த அதே தப்பு அப்படியே அதில் இருந்தது. பெயரின் எழுத்து மாறும், கையெழுத்து புரியாது என்பதெல்லாம் முதல் வாரத்திலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும், அதை விட்டுவிடுகிறேன்.

ஜூனியர் என்றால் மகன் என்று எடுத்துக்கொள்வது

இது என் இரண்டு வருடத்தை விழுங்கியது, இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. என் கணவரின் மூதாதையர் பெயர் ஜான். நார்த் கரோலைனாவின் ரோவன் கவுண்டியின் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) 1790 சென்சஸில் ஒரே குடும்பப் பெயரோடு ஜான் சீனியர், ஜான் ஜூனியர் என்று இருவர். ஜூனியர்தான் எங்கள் ஆள், சீனியர் அவர் அப்பா என்று முடிவு கட்டிவிட்டேன். அந்த சென்சஸில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான் உண்டு, மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. வெள்ளை ஆண்களில் 16 வயதும் மேலும் எத்தனை பேர், அதற்குக் கீழே எத்தனை பேர். பெண்களுக்கு வயதுப் பிரிவே கிடையாது. குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்று எழுத ஆரம்பித்ததே 1880-ல்தான். அப்படியிருக்க மகன் என்று எனக்கு யார் சொன்னது?

அந்தக் காலத்தில் ஒரே பகுதியில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் மூத்தவரை சீனியர், இளையவரை ஜூனியர் என்று எழுதிவிடுவார்கள். பெரியப்பாவும் தம்பி மகனுமாக இருக்கலாம், ஒட்டுறவே இல்லாதவர்களாகவும் இருக்கலாம். மூத்தவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ நேற்றைய ஜூனியர் சீனியராகிவிடுவார்.

நான் சீனியரின் பூர்வீகத்தைத் தேடி பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் கவுண்டி ஆவணங்கள் வரை போய், பிரதிகளுக்குப் பணம் கட்டி, மூன்று தலைமுறையைக் கோத்து, ஃபிரேம் போட்டு மாமியாரின் பிறந்தநாளுக்குக் கொடுத்தேன். அப்புறம்தான் சீனியரின் நிலத்தைப் பங்கு பிரிக்கக் கேட்ட மனு கிடைத்தது. அவர் உயில் எழுதாமல் இறந்ததால் பிள்ளைகள், மருமகன்கள் அத்தனை பேரும் பெயரோடு இருந்தார்கள். எங்கள் ஜான் இல்லை.

அதைவிட வலிப்பது ஒன்று உண்டு. ஜான் என்ற அநாதைச் சிறுவனுக்குக் கோர்ட் கார்டியன் நியமித்த பதிவை நான் முதல் வருடமே பார்த்திருந்தேன். நம் ஜானின் அப்பாதான் 1790-ல் உயிரோடு இருக்கிறாரே, இது வேறு யாரோ என்று ஒதுக்கிவிட்டேன். அவன்தான் எங்கள் ஆள். அந்தப் பதிவுகளில் அநாதை என்றால் அப்பா இல்லாத பிள்ளை, அம்மா உயிரோடு இருக்கலாம். இவனுடைய அம்மா மறுமணமே செய்திருந்தாள்.

ஒரே பெயரில் இருவரைக் கண்டால் முதலில் இரண்டு தாள் எடுங்கள். யாருடைய நிலம் எந்த ஓடைக்கரையில், பத்திரத்தில் மனைவி பெயர் என்ன, கையெழுத்துப் போடுகிறாரா எக்ஸ் குறி வைக்கிறாரா, சாட்சி யார் யார் என்று ஒவ்வொரு காகிதத்தையும் உரிய தாளில் சேருங்கள். எதிலும் சேராததைத் தூக்கிப் போடாதீர்கள். என் தப்பான வம்சாவளியை எத்தனையோ பேர் பிரதி எடுத்து இணையத்தில் போட்டுவிட்டார்கள், கண்ணில் படும்போதெல்லாம் திருத்தம் அனுப்புகிறேன், ஒருவர் மாற்றினால் இன்னொருவர் புதிதாக ஏற்றுகிறார்.

உயிலோடு நின்றுவிடுவது

உயிலில் பெயர் இல்லாத பிள்ளை, பிள்ளையே இல்லை என்று ஆகாது. நிலத்தை முன்பே கொடுத்திருப்பார். வர்ஜீனியாவில் 1785-ல் சட்டம் மாறும்வரை, உயிலில் சேராத நிலம் மூத்த மகனுக்குத்தான் போகும், அதனால் அவன் பெயரை எழுதாமலே விட்டவர்கள் உண்டு. உயிலில் வரும் மனைவி இரண்டாம் மனைவியாகவும் இருக்கலாம், பிள்ளைகளின் அம்மா அவர்தான் என்று எழுதிவிடாதீர்கள். இறந்தவரின் சாமான்களை ஏலம்விட்ட பட்டியலையும் பாருங்கள், வாங்கியவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்களாக இருப்பார்கள்.

இன்றைய கவுண்டியில் தேடுவது

டேவிட்சன் கவுண்டி 1822-ல் ரோவனிலிருந்து பிரிந்தது. அதற்கு முந்தைய காகிதம் ரோவன் பெயரில் இருக்கும்.

1890 சென்சஸ்

1921 தீவிபத்தோடு அநேகமாக எல்லாமே போய்விட்டது. 1880-லிருந்து நேராக 1900-க்குப் போங்கள்.