தனி கப்புல டீ குடுத்தா, ரூம் இல்லன்னு சொன்னா: ஓனர் மேல கேஸ் போடுறது எப்படி

நீலகிரில எங்கயாவது ஒரு டீக்கடையிலயோ லாட்ஜிலயோ உங்க ஜாதியப் பாத்து தனி கப்புல குடுத்தாங்க, ரூம் காலியா இருந்தும் இல்லன்னு அனுப்பிட்டாங்கன்னா, டீ ஊத்துன பையன்கிட்ட மட்டும் சண்டை போட்டுட்டு வந்துடாதீங்க. கேஸ் போய் சேர வேண்டியது ஓனர்கிட்ட. புகார்ல வேலைக்காரன் பேர மட்டும் எழுதுனா ஓனர் நழுவிடுவாரு.

முதல்ல அந்த இடத்துலயே ஆதாரம் எடுங்க. டீக்கு ஜிபே பண்ணுங்க, கடைப் பேரும் நேரமும் அதுல பதிஞ்சிடும். சுவத்துல மாட்டியிருக்க உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ போட்டோ எடுங்க, 14 இலக்க நம்பர் இருக்கும், ஓனர் யாருன்னு அத வச்சு கண்டுபிடிக்கலாம். பக்கத்துல டம்ளர்ல குடிச்சிட்டு இருந்தவங்கள்ல ஒருத்தர் சாட்சி சொல்ல வந்தா அதவிட பெரிய பலம் இல்ல. வீடியோ எடுத்திருந்தா அந்த போன விக்காதீங்க, ஒரிஜினல் பைல் அதுலயே இருக்கட்டும், கோர்ட்டுல தேவைப்படும்.

அப்புறம் சட்டம். அரசியலமைப்பு 15(2) கடை, ஓட்டல் எல்லாத்துலயும் ஜாதி, இனம், மதம் பாத்து தடுக்கக் கூடாதுன்னு சொல்லுது. ஆனா ஸ்டேஷன்ல பேசுறது எஸ்சி, எஸ்டி மக்களுக்கான 1989 வன்கொடுமை தடுப்புச் சட்டம்தான், பிரிவு 3(1)(za). கடைக்குள்ள விடாம தடுத்தாலும், பொதுவா வச்சிருக்க பாத்திரத்த தொட விடாம தடுத்தாலும் 6 மாசத்துல இருந்து 5 வருஷம் வரைக்கும் ஜெயில். இருளர், பணியர், குறும்பர், கோத்தர்னு பழங்குடி மக்களுக்கும் இது பொருந்தும். பட்டியல் ஜாதிக்காரங்க தீண்டாமைக்கு எதிரான 1955 குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தையும் சேத்து எழுதுங்க, ஓனர பிடிக்கிற கொக்கி அதுலதான் இருக்கு: பிரிவு 14படி குத்தம் பண்ணது கம்பெனியோ கூட்டு நிறுவனமோ ஆனா, அன்னைக்கு தொழில் பொறுப்புல இருந்தவங்களும் குத்தவாளிதான். மத்தவங்களுக்கு தர்ற மாதிரியே பொருளோ சேவையோ தர மறுக்குறது பிரிவு 6, அதுல தண்டனை ஆனா லைசென்ஸையே கோர்ட் ரத்து பண்ணலாம். (கிறிஸ்தவத்துக்கு மாறுன தலித்துகளுக்கு வன்கொடுமைச் சட்டம் கிடைக்காதுங்கிறது பெரிய அநியாயம், தேயிலை எஸ்டேட் லைன் வீடுகள்ல இப்படி எத்தனையோ குடும்பம் இருக்கு. பழங்குடிக்கு மதம் தடையில்ல.)

புகார சுத்தி வளைக்காம எழுதுங்க. "மத்தவங்களுக்கு கண்ணாடி டம்ளர்ல குடுத்துட்டு எனக்கு மட்டும் பேப்பர் கப் குடுத்து, 'உங்க ஆளுங்களுக்கு இதான், முதலாளி சொல்லிருக்காரு'ன்னு கடையில இருந்தவங்க முன்னாடி சொன்னார்" - நடந்தது இப்படின்னா அப்படியே அவர் சொன்ன வார்த்தையிலயே எழுதணும், "முதலாளி சொல்லிருக்காரு"ங்கிற அந்த ஒரு வரிதான் ஓனர உள்ள இழுக்கும். உங்க ஜாதி, அவரு ஜாதி ரெண்டும் தெரிஞ்ச வரைக்கும் குறிப்பிடுங்க, ஜாதி சான்றிதழ் காப்பி வைங்க.

விசாரிச்சிட்டு போடுறோம்னு ஸ்டேஷன்ல சொன்னா ஒத்துக்காதீங்க, வன்கொடுமைச் சட்டத்துல 2018ல வந்த 18A பிரிவுப்படி எஃப்ஐஆருக்கு முன்னாடி முதல்கட்ட விசாரணை தேவையே இல்ல. எஃப்ஐஆர் காப்பி இலவசம், கேட்டு வாங்குங்க. விசாரணை அதிகாரி டிஎஸ்பிக்கு கீழ இருக்கக் கூடாது. எடுக்கவே மாட்டேன்னா எஸ்பிக்கு பதிவுத் தபால்ல அனுப்புங்க, அப்பவும் நடக்கலன்னா மாஜிஸ்திரேட். 14566 ஹெல்ப்லைன்லயும் புகார் பதியலாம். வக்கீலுக்கு காசு இல்லன்னு நின்னுடாதீங்க, எஸ்சி, எஸ்டிக்கு வருமானம் பாக்காம இலவச சட்ட உதவி உண்டு, 15100க்கு போன் பண்ணுங்க.

கேஸ் ஓடுறப்ப ஓனர் ஆள் அனுப்பி "நம்ம ஊருக்குள்ள எதுக்கு"ன்னு பேசுவாங்க, வெள்ளைத் தாள்ல கையெழுத்து மட்டும் போட்டுடாதீங்க. மலையில இருந்து கோர்ட்டுக்கு போனா ஒரு நாள் கூலி போயிடும்னு சாட்சிங்க பின்வாங்குவாங்க. பஸ் காசு, சாப்பாட்டுக் காசு, அன்னைக்கு போன கூலி எல்லாம் அரசாங்கம் குடுக்கணும்னு வன்கொடுமைச் சட்டத்தோட 1995 விதிகள்ல 11வது விதி சொல்லுது, சாட்சிக்கும் சேத்து எழுதிக் குடுத்து வாங்குங்க.