வால் தொங்கிய ஜிக், நழுவிய கிராப்பி

அக்டோபரில் அமெரிக்காவின் மினசோட்டா மாநில ஏரிகளில் தண்ணீர் 10 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது கிராப்பி என்னும் நன்னீர் மீன்கள் கரையோரப் பாசியை விட்டு 6, 7 மீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிடும். அங்கே என் 1/32 அவுன்ஸ் ஜிக்கை (உலோகத் தலையும் இறகு வாலும் கொண்ட தூண்டில் முள்) மீன்கள் தொட்டன, ஆனால் முள்ளில் மாட்டவில்லை.

முதல் காரணம் முடிச்சு. ஒவ்வொரு இழுப்பிலும் அது, தூண்டில் நூலைக் கட்டும் ஜிக் வளையத்தின் முன்பக்கம் சரிய, ஜிக்கின் வால் கீழே தொங்கியது. நீந்தும் குஞ்சு மீன் அப்படி நிற்காது. பாலோமார் முடிச்சு போட்டு இறுக்கி, நகத்தால் வளையத்தின் உச்சிக்குத் தள்ளினேன். ஜிக் படுக்கைவாட்டில் நின்றது. ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் இதைப் பார்த்தே ஆகவேண்டும்.

அடுத்தது வால். வாலாகக் கட்டிய மராபு என்னும் மென்மையான இறகு முள்வளைவைத் தாண்டி 3 செ.மீ. நீண்டிருந்ததால் மீன் நுனியை மட்டும் கவ்வியது. 1 செ.மீ. போதும். கத்தரிக்கோல் வேண்டாம்: வெட்டிய நுனி தூரிகை மாதிரி மொண்ணையாகிவிடும். ஈரமாக்கி, விரலால் கிள்ளி எடுத்தால் நுனி மெல்லியதாக இருந்து தண்ணீரில் மூச்சுவிடுவதுபோல் அசையும். இறகைப் பிடித்திருக்கும் நூல் கட்டின்மேல் நகப்பூச்சு இரண்டு பூச்சு. ஓர் இரவு காயட்டும்.

சின்னப் படகு ஒற்றை நங்கூரத்தில் சுற்றும், ஜிக்கும் கூடவே இழுபடும். முன்னும் பின்னும் ஒவ்வொன்று போடுங்கள். கிராப்பியின் கண் மேல்நோக்கியது. ஜிக்கை மீனுக்கு 30 செ.மீ. மேலே நிறுத்தி அசைக்காமல் பிடியுங்கள். 9 மீட்டருக்குக் கீழே பிடிக்காதீர்கள், அந்த ஆழத்திலிருந்து மேலே இழுக்கும்போது காற்றுப்பை உப்பிய மீனைத் திரும்ப விட்டாலும் பெரும்பாலும் பிழைக்காது.