ராமேஸ்வரத்தோடு திரும்பிவிடாதீர்கள்: ராமநாதபுரம் கரைக்கு வருவோருக்கு

வெளிநாட்டிலிருந்து வரும் நம் குடும்பங்கள் பெரும்பாலும் இந்தக் கரைக்கு ஒரே ஒரு நாள்தான் ஒதுக்குகின்றன. மதுரையில் விடியற்காலை வேன் ஏறி, தீர்த்தமாடி, கோயில் பார்த்து, தனுஷ்கோடியில் நாலு படம் எடுத்து, இரவே திரும்பிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படி வராதீர்கள். வடக்கே தொண்டியிலிருந்து தெற்கே சாயல்குடிப் பக்கம் வரைக்கும் நீளும் கரை இது. நாலைந்து நாள் கொடுத்தால்தான் கொஞ்சமாவது பிடிபடும்.

எப்போது வருவது என்பதைக் கடலிடம் கேட்க வேண்டும். இங்கே கடல் இரண்டு. வடக்கே பாக் நீரிணைப் பக்கம் பெண் கடல், தெற்கே மன்னார் வளைகுடா ஆண் கடல் என்பது ராமேஸ்வரத்தார் வழக்கு. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குக் காற்று அடிக்கும்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். ஐப்பசிக்கு மேல் வாடைக்காற்று எழுந்தால் அப்படியே மாறிவிடும். ஆகவே பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்காக ஜூலை, ஆகஸ்டில் வருகிறவர்கள் படகுச் சவாரியை வடகரையில் வைத்துக்கொள்ளுங்கள். நவம்பர், டிசம்பர் புயல் காலம், அந்த மாதங்களில் வந்தால் திட்டத்தில் ஒன்றிரண்டு நாள் இடம் விட்டு வையுங்கள். என்னைக் கேட்டால் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரைதான் சரியான காலம். வெயில் ஏறியிருக்காது, பறவைகளும் இருக்கும். தை அமாவாசை, ஆடி அமாவாசை நாட்களில் ராமேஸ்வரத்தில் கால் வைக்க இடமிருக்காது, பிதிர்க்கடன் கொடுக்க வருகிறவர்கள் தவிர மற்றவர்கள் அந்த நாட்களைத் தள்ளி வரலாம். இன்னொன்று, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், நாட்டுப்படகு மீன்தான் கிடைக்கும், விலையும் கூடுதலாக இருக்கும்.

ராமேஸ்வரம் தீவுக்குள் ஒரு தடவையாவது ரயிலில் நுழையுங்கள், அதுவும் பகலில். மதுரையிலிருந்து காலையில் கிளம்பும் பயணிகள் ரயில் போதும். 1914இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் இப்போது ரயில் ஓடுவதில்லை. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்தில், கப்பல் வரும்போது நடுப்பகுதி முழுவதும் செங்குத்தாக மேலே எழும். அந்தக் காலத்தில் இந்தத் தடத்தில் வந்த போட் மெயில் தனுஷ்கோடி வரை ஓடியது. அங்கே இறங்கிக் கப்பலேறினால் தலைமன்னார், மறுபடி ரயிலேறினால் கொழும்பு. உங்கள் தாத்தாவோ பாட்டியோ அந்த வழியில் போயிருக்கக்கூடும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கிளம்பும் முன் கேட்டு வையுங்கள்.

கோயிலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், உங்களுக்கே தெரியும். 22 தீர்த்தங்களுக்கும் காலையிலேயே போய்விடுங்கள். நீராடிய ஈரத்துணியோடு சன்னதிக்குள் விடமாட்டார்கள், மாற்றுத்துணி கையில் இருக்கட்டும். செல்போனுக்கு அனுமதி கிடையாது. அதிகாலை ஸ்படிக லிங்க தரிசனத்துக்கு விடுதியிலிருந்து இருட்டிலேயே கிளம்ப வேண்டும். மூன்றாம் பிரகாரத்தை மட்டும் அவசரமாகக் கடக்காதீர்கள். ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி மன்னர்களின் திருப்பணி அது.

அந்தச் சேதுபதிகளைப் புரிந்துகொள்ள ராமநாதபுரம் அரண்மனைக்குள் இருக்கும் ராமலிங்க விலாசத்துக்குப் போகவேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் சுவரையும் விதானத்தையும் நிறைத்திருக்கின்றன: தஞ்சை மராத்தியரோடு போர், ஐரோப்பியர் வந்து மன்னரைக் காணும் காட்சி, ராமாயணம். மாவட்டத்தில் ஒரே ஒரு கட்டடத்துக்குத்தான் நேரமிருக்கிறது என்றால் நான் இதைத்தான் காட்டுவேன். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் தங்கள் காசில் 'சேது' என்று பொறித்தவர்கள், சேதுகாவலர் என்றும் பெயர் தரித்தவர்கள். ஈழத்துப் பிள்ளைகளுக்கு அந்த உறவை இங்கே நின்று சொல்லலாம். பாஸ்கர சேதுபதியின் ஆதரவோடு சிகாகோ போன விவேகானந்தர், 1897 ஜனவரி 26 அன்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கியதும் பாம்பனில்தான். குந்துகாலில் அவருக்கு நினைவிடம் இருக்கிறது. அதே குந்துகாலிலிருந்துதான் குருசடைத் தீவுக்கு வனத்துறைப் படகு போகிறது. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவில் மொத்தம் 21 தீவுகள், மற்றவற்றில் இஷ்டம்போல் இறங்க முடியாது. காற்றைப் பொறுத்துப் படகை நிறுத்திவிடுவார்கள், முந்தின நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் ஊர் போனது, ஊருக்கு வந்துகொண்டிருந்த ரயிலும் பயணிகளோடு போனது. தேவாலயத்தின் சுவரும் ரயில் நிலையத்தின் இடிபாடும் நிற்கின்றன. இப்போதும் மீனவக் குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன, கடலுக்குப் பக்கத்திலேயே மணலைத் தோண்டி நல்ல தண்ணீர் எடுக்கிறார்கள். அவர்களிடம் வறுத்த மீன் வாங்கிச் சாப்பிடுங்கள், பேசுங்கள். ஆனால் வீட்டு வாசலில் நின்று கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அங்கிருந்து அரிச்சல்முனை வரைக்கும் தார்ச்சாலை உண்டு, அரசுப் பேருந்தும் போகிறது. இரண்டு கடலும் சேரும் இடம் என்பதால் நீரோட்டம் இழுக்கும், நீச்சல் தெரிந்தவர்களும் இறங்கக்கூடாது. இருட்டும் முன் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உங்கள் போன் இலங்கைக் கோபுரத்தின் சிக்னலைப் பிடித்துக்கொள்ளும், ரோமிங்கை அணைத்து வையுங்கள். எதிரே இருக்கும் மணல்திட்டுகளுக்குக் கூட்டிப்போகிறேன் என்று யார் சொன்னாலும் ஏறவேண்டாம், நடுவில் நாட்டு எல்லை இருக்கிறது.

இலங்கைப் போர்க்காலத்தில் அகதிகளாக வந்த பலரை அந்தத் திட்டுகளில்தான் இறக்கிவிட்டுப் படகுகள் திரும்பின. இன்று டொராண்டோவிலும் லண்டனிலும் இருக்கும் சில குடும்பங்களுக்கு முதல் புகலிடம் மண்டபம் அகதிகள் முகாம். அப்படி ஒரு கதை உங்கள் வீட்டில் இருந்தால் அரிச்சல்முனையில் வேடிக்கை பார்க்கும் கூட்டத்தோடு நிற்பது பாரமாக இருக்கும். காலையில் முதல் பேருந்தில் போங்கள், அப்போது ஆளில்லை. முகாமுக்குள் அனுமதியின்றிப் போகமுடியாது. உறவினர் உள்ளே இருந்தால் முன்கூட்டியே பேசி வெளியே சந்தியுங்கள், உங்கள் வருகையால் அவர்களுக்குச் சிக்கல் வரக்கூடாது.

தனுஷ்கோடி போகும் வழியில் கோதண்டராமர் கோயிலைச் சுற்றிய உப்புநீர்ப் பரப்பில், குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டமாக இறங்கும். பிள்ளைகளுக்கு ஒரு தொலைநோக்கி எடுத்து வாருங்கள்.

வடகரையில் நான் விரும்பிச் சொல்வது காரங்காடு. அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து படகு ஓட்டுகிறார்கள். அமைதியான நீர், சின்னக் குழந்தைகளுக்கும் பயமில்லை. ஊர்ப் பெண்கள் சமைக்கும் நண்டும் இறாலும் வேண்டுமென்றால் முன்னாடியே சொல்லி வைக்கவேண்டும். பக்கத்தில் ஓரியூர், 1693இல் கிறிஸ்தவத் துறவி அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) தலை கொடுத்த ஊர். திரும்பும் வழியில் தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணத்தை, அதாவது நவக்கிரகங்களாக வணங்கும் ஒன்பது கற்களை, பார்த்துவிடலாம்.

தென்கரைக்கு ஒரு முழு நாள் வையுங்கள். திருப்புல்லாணியும் உத்தரகோசமங்கையும் ஒரே காலைக்குள் அடங்கும். உத்தரகோசமங்கை மாணிக்கவாசகர் பாடிய தலம். அங்குள்ள மரகத நடராசர் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பில்தான் இருப்பார், மார்கழித் திருவாதிரையை ஒட்டி மட்டும் காப்பைக் களைவார்கள். மதியம் கீழக்கரை. திராவிடக் கோயில் தூண்களை ஒத்த கல்தூண்களோடு நிற்கும் பழைய ஜும்மா பள்ளிவாசலையும் அங்கே வள்ளல் சீதக்காதி அடங்கிய இடத்தையும், தொழுகை நேரம் தவிர்த்து, பொறுப்பானவரிடம் கேட்டுவிட்டுப் பாருங்கள். அப்புறம் கடைத்தெருவில் தொதல் வாங்குங்கள். தேங்காய்ப்பாலில் கிண்டும் இந்தத் தொதலை வாயில் போட்டதும் யாழ்ப்பாணத்துக்காரர் ஊரை நினைப்பார், மலேசியாவிலிருந்து வருகிறவருக்கும் புதிதாக இருக்காது. ஏர்வாடி தர்கா அருகில்தான். மனநோயால் அவதிப்படுகிறவர்கள் குடும்பத்தோடு தங்கும் இடம் அது, கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டுப் போங்கள்.

தங்குவதற்கு ராமேஸ்வரத்தில் இரண்டு இரவு, மீதி ராமநாதபுரம் நகரத்தில் என்று பிரித்தால் அலைச்சல் குறையும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களின் விவரத்தை விடுதிக்காரர்கள் அரசுக்குத் தெரிவிக்கவேண்டும், ஆகவே கடவுச்சீட்டு, விசா நகல்கள் கைவசம் இருக்கட்டும். சின்னக் கடைகளில் வெளிநாட்டு அட்டை செல்லாது, ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிப்போக முண்டு மிளகாய், கருப்பட்டி, பனையோலைப் பெட்டி மூன்றும் நல்லவை, காசு நேராக ஊர்க்காரர் கைக்குப் போகும். பவளம், கடல் குதிரை, கடல் அட்டை எதையும் யார் நீட்டினாலும் தொடாதீர்கள். சட்டப்படி குற்றம், விமான நிலையத்தில் மாட்டினால் பயணமே நின்றுபோகும். சங்கு வாங்கினால் ரசீது கேட்டு வாங்குங்கள்.