செவ்வாயில் ஆகாயக் கப்பல் விடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் அறிவியல் கதை எழுதப் பழகும் இளையவர்களின் கைப்பிரதிகளைச் சில ஆண்டுகளாகத் திருத்திவருகிறேன். செவ்வாய்க் குடியேற்றங்களுக்கிடையே உணவும் உதிரிப்பாகமும் சுமந்து திரியும் ஆகாயக் கப்பல்கள் (இலேசான வாயு நிரப்பிய பெரும் பையால் மிதப்பவை) அவர்களுக்கு ஏனோ மிகவும் பிடித்திருக்கின்றன. எனக்கும் ஒரு காலத்தில் பிடித்திருந்தது; அவர்கள் விழும் குழிகளில் பலவற்றை நானே விழுந்து பார்த்திருக்கிறேன். எவரும் கண்டுபிடிக்கக்கூடிய பிழைகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஈர்ப்புக் குறைவு, ஆகவே அதிகம் தூக்கும்

செவ்வாயின் ஈர்ப்பு பூமியினுடையதில் 38 சதவீதம்தான், எனவே கப்பல் இரண்டரை மடங்கு பாரம் தூக்கும் என்று எழுதுகிறார்கள். இதை வாசிக்கும்போது இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. கப்பலின் நிறை, அதாவது எடை, குறைவது உண்மை. ஆனால் அதற்கு மேலுதைப்பைத் தருவது அது இடம்பெயர்த்த வளியின் நிறை. அதுவும் அதே 38 சதவீதமாகக் குறைந்துவிடுகிறது. சந்தையில் மீன் நிறுக்கும் இரட்டைத் தட்டுத் தராசைச் செவ்வாய்க்குக் கொண்டுபோனாலும் ஒரு கிலோப் படிக்கல்லுக்கு ஒரு கிலோ பாரைதான் சமனாக நிற்கும். ஆகாயக் கப்பலும் அப்படியொரு தராசுதான்: ஒரு தட்டில் கப்பல், மறு தட்டில் அது இடம்பெயர்த்த வளி.

அந்த மறு தட்டில்தான் ஒன்றுமே இல்லை. பூமியில் ஒரு கன மீற்றர் வளி ஏறத்தாழ 1.2 கிலோ, செவ்வாயின் தரையில் அது சுமார் 20 கிராம். ஐதரசன் நிரப்பினால் கன மீற்றருக்கு 19 கிராம் தூக்கலாம். எங்கள் ஊருக்கருகே சீனக்குடாவில் காட்டுக்குள் நிற்கும் எண்ணெய்த் தாங்கிகளில் ஒன்றின் கொள்ளளவு சுமார் 12,000 கன மீற்றர். அந்தளவு ஐதரசன் பூமியில் 13 தொன்னைத் தூக்கும். செவ்வாயில் 228 கிலோவை மட்டுமே தூக்கும். அதைக் கோள வடிவான பையில் அடைத்து, பையின் துணி போட்டோகொப்பித் தாளைப்போலச் சதுர மீற்றருக்கு 80 கிராம் என்று வைத்துக்கொண்டால், துணிக்கே 200 கிலோ போய்விடும். மிஞ்சுவது ஒரு மூட்டை அரிசி. இயந்திரத்தையும் மாலுமியையும் இன்னும் ஏற்றவில்லை.

என் முதல் நாவலில் 150 மீற்றர் நீளமும் 30 மீற்றர் விட்டமும் கொண்ட கப்பலொன்று துருவத்திலிருந்து 60 தொன் பனிக்கட்டியைச் சுமந்து வந்தது. சொந்தச் செலவில் 300 பிரதிகள் அச்சிட்டேன். வெளியீடு முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் மாணவி ஒருத்தி கொப்பித் தாள் ஒன்றை நீட்டி, “சேர், இந்தக் கப்பல் ஒன்றரைத் தொன்னே தூக்காது” என்றாள். கணக்கு சரியாக இருந்தது. அந்த ஒன்றரைத் தொன்னுக்குள் கப்பலும் அடக்கம். சீனக்குடாவின் 99 தாங்கிகளை ஒன்றாகக் கட்டினாலும் 22 தொன் சொச்சம்தான் எழும்பும். விற்காத பிரதிகள் இன்னமும் அலுமாரியின் மேல் இருக்கின்றன.

இதனால் கப்பலையே கைவிட வேண்டியதில்லை. நீள அகல உயரங்களை இரட்டிப்பாக்கினால் கொள்ளளவு எட்டு மடங்காகும், துணியோ நான்கு மடங்குதான். எட்டுத் தாங்கி அளவுள்ள பை, தன் துணி போக ஒரு தொன்னைத் தூக்கும். ஆகவே கப்பலை மிகப் பெரிதாகவும் துணியை மிக மெல்லியதாகவும் வைத்து, மருந்து, விதை, மின்சுற்றுப் பலகை போன்ற சிறு பாரங்களை ஏற்றுங்கள். பனிக்கட்டியைத் தரையால் இழுத்து வாருங்கள்.

ஐதரசன் தீப்பிடித்தல்

வெளியே 95 சதவீதம் காபனீரொட்சைட்டு; அதில் ஐதரசன் எரியாது.

ஒலிம்பஸ் மலை உச்சிக்குச் சரக்கு

வேண்டாம். அவ்வளவு உயரத்தில் வளி இன்னும் மெலிந்துவிடும். ஏறத்தாழ ஏழு கிலோமீற்றர் ஆழமான ஹெல்லாஸ் பள்ளத்துக்கு அனுப்புங்கள். அங்கே அமுக்கம் சராசரியைப்போல் இரு மடங்கு.

புயலில் நொறுங்கும் கப்பல்

செவ்வாயில் செக்கனுக்கு 30 மீற்றர் வேகத்தில் அடிக்கும் காற்று, இங்கே செக்கனுக்கு நான்கு மீற்றரில் வீசும் காற்றைப்போலத்தான் தள்ளும். கட்டிவைத்த கப்பலை அது நொறுக்காது. ஆனால் பறக்கும் கப்பல் காற்றோடு சேர்ந்தே நகர்வதால், அதன் சொந்த வேகம் 20 என்றால் எதிர்க்காற்றில் போகவேண்டிய திசைக்கு எதிராகப் போய்க்கொண்டிருக்கும். ஆபத்து நேர அட்டவணைக்குத்தான்.

ஆண்டு முழுவதும் ஒரே பாரம்

துருவங்களில் வளியே உறைந்து படிவதால் அமுக்கம் பருவத்துக்குப் பருவம் கால்பங்கு வரை மாறும். சரக்குப் பட்டியலும் மாற வேண்டும்.

பாரத்தை இறக்கிவிட்டு அப்படியே நிற்பது

நமது துறைமுகத்தில் சரக்கை இறக்கும் கப்பல் அடித்தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிக்கொள்கிறது. ஆகாயக் கப்பலில் அதைச் செய்யாவிட்டால், கடைசி மூட்டை இறங்குமுன்பே கயிற்றைப் பிடித்திருப்பவரையும் தூக்கிக்கொண்டு கப்பல் மேலே போய்விடும். ஒரு மா மூட்டை இறங்கும்போது ஒரு மணல் மூட்டை ஏற வேண்டும். அந்த மணலை, விண்ணுடையோடு நின்று, அள்ளிக் கட்டுபவர் யார் என்பதையும் கதையில் எழுதுங்கள்.