நாலு வெள்ளைக் கொக்கு, ஒரு பக்கம்: பறவைக் கையேட்டுக்குப் படம் வரைவது எப்படி

பறவைக் கையேட்டுக்கு வரைய ஆசை என்று யாராவது வந்தால் நான் முதலில் கொடுக்கும் வேலை மயிலோ மீன்கொத்தியோ இல்லை, வெள்ளைக் கொக்கு. ஏரிக்கரையில் உண்ணிக்கொக்கு, சின்ன வெள்ளைக்கொக்கு, நடுத்தர வெள்ளைக்கொக்கு, பெரிய வெள்ளைக்கொக்கு நாலும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், பார்க்கிறவருக்கு எல்லாமே கொக்குதான். நாலையும் ஒரே பக்கத்தில் வைத்து, இது வேறு அது வேறு என்று படிக்கிறவர் விரல் வைத்துச் சொல்லும்படி வரைந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

ஏரிக்குப் போனதும் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். ஒரு 2பி பென்சில், மலிவான நோட்டு, பைனாகுலர், அவ்வளவு போதும். வெயில் ஏறுவதற்கு முன்னால் போய்விடுங்கள், உச்சி வெயிலில் வெள்ளை இறகில் மேடு பள்ளம் எதுவும் தெரியாது. முதல் அரை மணி நேரம் பார்ப்பது மட்டும்தான். அப்புறம் உடம்புக்கு ஒரு முட்டை, கழுத்துக்கு ஒரு கோடு, இப்படி இருபது முப்பது கிறுக்கல். கொக்கு நடந்து போய்விட்டால் அந்தக் கிறுக்கலை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள், மனதிலிருந்து முடித்து வைத்தால் அங்கேதான் பொய் நுழையும். உண்ணிக்கொக்குக்குக் கழுத்து குட்டை, தாடை கொஞ்சம் உப்பினாற்போல இருக்கும். பெரிய கொக்கின் கழுத்து நடுவில் ஒடித்து வைத்த மாதிரி மடங்கும். இந்த நிற்கும் தோரணை வந்துவிட்டால் இறகு இல்லாமலேயே பறவை தெரிந்துவிடும்.

நிறத்தைத் தீட்ட வேண்டாம், எழுதுங்கள். "அலகு மஞ்சள், கால் கறுப்பு, கண்ணுக்கு முன்னால் பச்சை கலந்த மஞ்சள்", தேதி, நேரம், எவ்வளவு தூரத்தில் நின்றது. பதப்படுத்திய பறவைத் தோலை அருங்காட்சியகத்தில் வைத்து அளவெடுக்கலாம், இறகை எண்ணலாம், ஆனால் காலும் அலகும் கண்ணைச் சுற்றிய தோலும் செத்த கொஞ்ச நாளிலேயே நிறம் மாறிவிடும். அதற்கு உங்கள் நோட்டுதான் சாட்சி. (போட்டோ அப்புறம் இறகு வரிசையைச் சரிபார்க்க உதவும். ஒரே ஒரு போட்டோவைப் பார்த்து வரைந்த படத்தை இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம், பறவை அந்த ஒரு நொடியில் கோணலாக நின்றதும் சேர்ந்து வந்திருக்கும்.)

இனி மேசை வேலை. ஒரு பக்கத்துக்கு ஒரே அளவுகோல், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. எட்டில் ஒரு பங்கு என்று வைத்தால், 90 சென்டிமீட்டர் பெரிய கொக்கு 11 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும், 50 சென்டிமீட்டர் உண்ணிக்கொக்கு 6 சென்டிமீட்டர் சொச்சம். நாலும் ஒரே பக்கம் பார்த்து நிற்கட்டும். கலைநயம் குறைகிறதே என்று கை அரிக்கும், அரிக்கட்டும். வெள்ளைத் தாளில் வெள்ளைப் பறவை காணாமல் போகும், அதனால் பின்னால் மெல்லிய சாம்பல் பச்சை பூசிவிட்டு, உடம்பின் நிழலுக்கு மட்டும் நீலம் கலந்த சாம்பலைத் தொடுங்கள். கறுப்பைத் தண்ணீரில் கரைத்துப் பூசினால் கொக்கு அழுக்காகத்தான் தெரியும்.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். சின்ன வெள்ளைக்கொக்கைக் கணுக்கால் அளவு தண்ணீரில் நிற்க வைத்து, அலையெல்லாம் போட்டு, இரண்டு நாள் உட்கார்ந்து வரைந்தேன். அந்தக் கொக்கின் அடையாளமே கறுப்புக் காலில் சாக்ஸ் போட்ட மாதிரி இருக்கும் மஞ்சள் பாதம்தான், அது தண்ணீருக்குள். படம் நன்றாகத்தான் இருந்தது, கையேட்டுக்கு ஆகவில்லை.

நடுத்தரக் கொக்கையும் பெரிய கொக்கையும் பிரிப்பதுதான் உண்மையான தலைவலி. வாய்க்கோடு, அதாவது மேல் அலகும் கீழ் அலகும் சேரும் கோடு, நடுத்தரத்தில் கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடும், பெரியதில் கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும். 11 சென்டிமீட்டர் படத்தில் அது முடி அளவு. ஆகவே இரண்டு தலைகளை மட்டும் பெரிதாகத் தனியே வரைந்து ஓரத்தில் வையுங்கள். அந்த இடத்துக்கு ஒரு சின்னக் கோடு இழுத்துக் காட்டுங்கள். 1934-இல் அமெரிக்காவில் ரோஜர் டோரி பீட்டர்சன் தன் கையேட்டில் செய்ததும் இதைத்தான், இன்றுவரை அதைவிட நல்ல வழி வரவில்லை என்பது என் கருத்து. இனப்பெருக்கக் காலத்தையும் மறக்கக் கூடாது. உண்ணிக்கொக்கின் தலையும் கழுத்தும் ஆரஞ்சாகிவிடும், பெரிய கொக்கின் மஞ்சள் அலகு கறுத்துப் போகும். அந்த வேடத்துக்கும் இடம் ஒதுக்குங்கள்.

படத்தோடு வரும் விளக்கம் நாலு வரிக்கு மேல் வேண்டாம். "அழகிய", "கம்பீரமான" எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள், எந்தப் பறவையையும் அந்தச் சொற்களை வைத்து அடையாளம் காண முடியாது. "மாட்டின் காலடியில் பூச்சி பொறுக்கும்" என்பது முடியும்.

அச்சுக்குப் போகுமுன் புத்தகம் அச்சாகும் அதே தாளில் ஒரு புரூஃப் (மாதிரி அச்சு) கேட்டு வாங்குங்கள், மெல்லிய நிழல்தான் முதலில் காணாமல் போகும். அதை எடுத்துக்கொண்டு, பறவை பெயர் எதுவும் தெரியாத ஒருவரோடு ஏரிக்குப் போங்கள். கையில் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காதீர்கள். அவர் எந்தக் கொக்கைப் பார்த்து எந்தப் படத்தைத் தொடுகிறார் என்று குறித்துக்கொண்டு, தப்பாகத் தொட்ட படத்தைத் திரும்ப வரையுங்கள்.