அமெரிக்கக் காப்பீட்டுச் சந்தை: நடத்தும் செலவு உங்கள் பிரீமியத்திலேயே இருக்கிறது

வேலை தரும் நிறுவனமே குடும்பத்துக்கும் சேர்த்து மருத்துவக் காப்பீடு கொடுத்துவிட்டால், அமெரிக்காவில் ‘மார்க்கெட்பிளேஸ்’ எனப்படும் காப்பீட்டுச் சந்தைப் பக்கம் போகவேண்டிய தேவை பலருக்கு வராது. ஆனால் நிறுவனம் உங்களுக்கு மட்டும் மலிவாகக் கொடுத்துவிட்டு, மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மாதம் ஆயிரம் டாலருக்கு மேல் பிடித்தால்? படிப்பு முடிந்து ஓபிடி என்ற தற்காலிக வேலை அனுமதியில் இருக்கும்போது கல்லூரிக் காப்பீடு நின்றுபோனால்? கிரீன் கார்டில் வந்த 68 வயது அம்மா, முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் வாங்க ஐந்து ஆண்டு தொடர்ந்து இங்கே வசித்திருக்க வேண்டும் என்று தெரியவந்தால்? அப்போது போய் நிற்கும் இடம் அதுதான்.

தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு அரசே பிரீமியம் கட்டுகிறது. இலங்கையில் அரசு மருத்துவமனையில் பில் வராது. அந்தப் பழக்கத்தில் வருகிறவர்கள் இதையும் ஓர் அரசுச் சலுகையாக எண்ணி, உதவி கேட்கவே கூச்சப்படுகிறார்கள். அது தேவையில்லாத கூச்சம். இங்கே அரசு நடத்துவது கடைத்தெருவை மட்டும்தான். சரக்கு தனியார் நிறுவனங்களுடையது. அந்தக் கடைத்தெருவின் விளக்குக்கும் ஆட்களுக்கும் ஆகிற செலவில் பெரும்பகுதி, வாங்குபவர் கட்டும் பிரீமியத்திலிருந்தே போகிறது.

ஒபாமாகேர் என்று எல்லோரும் சொல்லும் 2010ஆம் ஆண்டுச் சட்டம், மாநிலங்கள் விரும்பினால் சொந்தமாகச் சந்தை நடத்தலாம் என்றது. தொடக்கச் செலவுக்கு மத்திய அரசு பணம் கொடுத்தது. 2013 அக்டோபர் 1 அன்று கடைகள் திறந்தன. 2015 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு மாநிலச் சந்தையும் தன் சொந்த வருமானத்தில் ஓட வேண்டும் என்பது சட்டத்திலேயே இருந்த நிபந்தனை. இன்று 20 மாநிலங்களும் வாஷிங்டன் டி.சி.யும் சொந்தச் சந்தை வைத்திருக்கின்றன. டெக்சாஸ், புளோரிடா, வட கரோலைனா உள்ளிட்ட மற்ற மாநிலத்தவருக்கு மத்திய அரசின் ஹெல்த்கேர்.கவ் தளம்தான்.

வருமானத்துக்கு வழி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. மின்னசோட்டாவும் நியூஜெர்சியும் சந்தையில் விற்கும் காப்பீட்டின் பிரீமியத்தில் 3.5 சதவீதத்தை நிறுவனங்களிடம் வாங்குகின்றன. பென்சில்வேனியா 3 சதவீதம் என்று தொடங்கியது. கலிபோர்னியா முதலில் ஆளுக்கு மாதம் 13.95 டாலர் என்று தலைக்கணக்கில் வாங்கி, பிறகு சதவீதத்துக்கு மாறியது. கனெக்டிகட்டும் வாஷிங்டன் டி.சி.யும் சந்தைக்கு வெளியே விற்கும் நிறுவனங்களிடமும் வசூலிக்கின்றன. எல்லோரும் சேர்ந்து தூக்கினால் ஆளுக்குப் பாரம் குறையும் என்பது கணக்கு. மேரிலாந்து காப்பீட்டு நிறுவனங்கள் கட்டும் வரியில் ஒரு பங்கை ஒதுக்குகிறது. நியூயார்க் மாநில நிதியிலிருந்து கொடுக்கிறது.

மத்திய அரசுத் தளத்தின் கட்டணம் 2014இல் 3.5 சதவீதம். 2025இல் 1.5 சதவீதம் வரை இறங்கி, 2026இல் 2.5 சதவீதத்துக்கு ஏறியது. மாதம் 500 டாலர் பிரீமியத்தில் அது 12.50 டாலர், ஆண்டுக்கு 150. ‘அப்படியானால் நிறுவனத்திடமே நேராக வாங்கி இதை மிச்சம் பிடிக்கலாமே’ என்று தோன்றும். முடியாது. ஒரே பிளானைச் சந்தையிலும் வெளியிலும் ஒரே விலைக்குத்தான் விற்க வேண்டும் என்பது சட்டம். வெளியே வாங்கினால் அந்தச் செலவும் விலையில் இருக்கும், வருமானத்தைப் பார்த்து பிரீமியத்துக்கு அரசு தரும் மானியம் மட்டும் கிடைக்காது. ஒரே ஒரு விதிவிலக்கைக் கவனியுங்கள். மானியத் தகுதி அறவே இல்லாமல் ‘சில்வர்’ என்ற நடுத்தர வகைப் பிளான்தான் வேண்டும் என்றால், சில மாநிலங்களில் வெளியே மட்டும் விற்கும் சில்வர் பிளான் மலிவாக இருக்கும். குறைந்த வருமானக்காரர்களுக்கான தள்ளுபடிச் செலவைச் சந்தையிலுள்ள சில்வர் பிளான்களின் விலையில் ஏற்றியிருப்பதுதான் காரணம்.

கட்டணம் ஏன் ஏறி இறங்குகிறது? இணையதளம், கால் சென்டர், ஆவணம் சரிபார்க்கும் ஆட்கள் ஆகியவற்றின் செலவு, வாங்குபவர் பத்தாயிரம் பேரானாலும் பத்து லட்சம் பேரானாலும் பெரிதாக மாறாது. 20,000 பேர், மாதம் 400 டாலர் பிரீமியம், 2 சதவீதக் கட்டணம் என்று போட்டுப் பாருங்கள். ஆண்டு வருமானம் 19 லட்சத்து 20 ஆயிரம் டாலர்தான். ஒரு மாநில அளவிலான மென்பொருளை அதில் பராமரிக்க முடியாது. ஹவாய் மாட்டிக்கொண்டது இந்தக் கணக்கில்தான். அங்கே வாரம் 20 மணி நேரம் வேலை பார்ப்பவருக்கும் முதலாளி காப்பீடு தர வேண்டும் என்று 1974லேயே சட்டம் இருந்ததால், சந்தைக்கு வரவேண்டிய கூட்டமே குறைவு. 2 சதவீதக் கட்டணம் கட்டுப்படியாகாமல் 2015இல் கடையை மூடிவிட்டு ஹெல்த்கேர்.கவ் தளத்துக்குப் போனது. தளம் வேலை செய்யாமல் நெவாடாவும் மத்திய அரசுத் தளத்துக்குப் போனது. அங்கே கட்டணம் ஏற ஏற, வேறொரு நிறுவனத்தின் தயார் மென்பொருளை வாங்கிக்கொண்டு 2020இல் சொந்தச் சந்தைக்குத் திரும்பியது. பென்சில்வேனியா 2021இல் தனியே வந்ததற்கும் அதே கணக்குதான். மிஞ்சிய பணத்தை அது பெரிய சிகிச்சைச் செலவுகளை ஈடுகட்டும் மறுகாப்பீட்டில் போட்டு, பிரீமியத்தையே இறக்கியது. சந்தை நடத்துவதில் செய்யக்கூடிய மிக நல்ல வேலை அதுதான். 2025 முடிவில் கூடுதல் மானியம் காலாவதியானது; வாங்குபவர் குறைவார்கள் என்று எதிர்பார்த்துத்தான் மத்திய அரசும் கட்டணத்தை ஏற்றியது.

புதிதாக வருபவருக்கு இதில் என்ன இருக்கிறது என்றால், உதவி. விண்ணப்பம் நிரப்பக் காசு வாங்காமல் கூட உட்காரும் ‘நேவிகேட்டர்’ ஆட்களுக்குச் சம்பளம் இந்தக் கட்டணத்திலிருந்துதான். மத்திய அரசு 2025 பிப்ரவரியில் இவர்களுக்கான தொகையை ஏறத்தாழ 10 கோடி டாலரிலிருந்து ஒரு கோடியாக வெட்டுவதாக அறிவித்தது. டெக்சாஸின் டல்லாஸிலோ ஹூஸ்டனிலோ ஆள் கிடைக்கத் தாமதமாகலாம், முன்கூட்டியே நேரம் வாங்குங்கள். சொந்தச் சந்தை உள்ள நியூஜெர்சியின் எடிசனிலோ கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்டிலோ இருந்தால் உதவியாளர்களுக்கு எவ்வளவு என்று மாநிலமே முடிவு செய்கிறது. தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தர வேண்டும் என்பதும் விதி. அழைத்தவுடன் ‘டமில் இன்டர்ப்ரெட்டர்’ என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள். புரோக்கருக்கும் நீங்கள் பணம் தர வேண்டாம், கமிஷன் காப்பீட்டு நிறுவனம் தரும். யாராவது விண்ணப்பத்துக்குக் கட்டணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

தேடுபொறியில் ‘ஒபாமாகேர்’ என்று அடித்து முதலில் வரும் தளத்தில் தொலைபேசி எண்ணைப் போடாதீர்கள். அன்றே அழைப்புகள் குவியும், குறுகிய காலக் காப்பீட்டை முழுக் காப்பீடு போலப் பேசி விற்பார்கள். மாநிலத் தளங்கள் எல்லாம் ‘.கவ்’ என்று முடிவதில்லை என்பதால் முகவரியைப் பார்த்து மட்டும் நம்பவும் முடியாது. ஹெல்த்கேர்.கவ் போய் உங்கள் மாநிலத்தைத் தேர்ந்தெடுங்கள். சொந்தச் சந்தை இருந்தால் அதுவே சரியான தளத்துக்கு அனுப்பும்.

எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 விசாக்கள், கிரீன் கார்டு என எதில் இருந்தாலும், அந்த மாநிலத்தில் வசித்தால் வாங்கலாம். விசிட்டர் விசாவில் வந்த பெற்றோர் இங்கே வசிப்பவர் ஆகமாட்டார்கள் என்பதால் அவர்களுக்குப் பயணக் காப்பீடுதான். மானியம் வேறு விஷயம். 2025 ஜூலையில் வந்த சட்டப்படி, 2027 ஜனவரி 1 முதல் கிரீன் கார்டுதாரர்களுக்கும் வேறு சில சிறு பிரிவினருக்கும் மட்டுமே மானியம். அதன் பிறகு எச்-1பி, எஃப்-1 குடும்பங்கள் முழு விலைக்கு வாங்கலாம், அவ்வளவே. 2026க்கு வருமான உச்சவரம்பு ஒருவருக்கு 62,600 டாலர், நால்வர் குடும்பத்துக்கு 1,28,600. ஒரு டாலர் தாண்டினாலும் மத்திய அரசு மானியம் போய்விடும். நியூஜெர்சியில் அதற்கு மேலும் மாநில மானியம் உண்டு. கணவர் அலுவலகத்தில் குடும்பத்துக்கான மிக மலிவான பிளானுக்கு 2026இல் மொத்த வருமானத்தில் 9.96 சதவீதத்துக்கு மேல் பிடித்தால், மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மானியம் கேட்கலாம். வருமானத்தைக் குறைத்துப் போடாதீர்கள். 2026 வரிக் கணக்கிலிருந்து, கூடுதலாக வாங்கிய மானியம் முழுவதையும் திருப்பிக் கட்ட வேண்டும்.

வந்து இறங்கிய நாளிலிருந்து 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். விட்டால் நவம்பர் 1 வரை காத்திருப்புதான். பாஸ்போர்ட், விசா, ஐ-94 என்ற வருகைப் பதிவின் பிரதி, சமூகப் பாதுகாப்பு எண், வேலை உத்தரவு ஆகியவற்றை எடுத்துவையுங்கள். எண் இன்னும் வராதவர்கள் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு மேலே போகலாம்.

நம்மவர்களுக்குப் பெரும்பாலும் உதைப்பது பெயரில்தான். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால், அமெரிக்க விசாவில் அது குடும்பப் பெயராகிவிடும், முதல் பெயர் இருக்கும் இடத்தில் ‘எஃப்.என்.யு.’ என்று அச்சாகும். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். சமூகப் பாதுகாப்பு அட்டையில் வேறு மாதிரி வந்திருந்தால், சந்தையின் கணினி இரண்டையும் ஒரே ஆளாக ஏற்காமல் ‘சரிபார்க்க முடியவில்லை’ என்று கடிதம் அனுப்பும். விண்ணப்பத்தில் அட்டையில் இருக்கும் பெயரை எழுதி, குடிவரவு ஆவணத்தில் பெயர் வேறாக இருக்கிறதா என்று கேட்கும் இடத்தில் ஐ-94இல் உள்ளபடியே, எஃப்.என்.யு. உட்பட, எழுதுங்கள். அப்பா பெயரை முதல் எழுத்தாக மட்டும் போடும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். கடிதம் வந்தால் அதில் உள்ள கெடுவுக்குள் பிரதிகளைத் தளத்திலேயே ஏற்றுங்கள். தவறினால் மானியம் நிற்கும், காப்பீடே ரத்தாகவும் கூடும்.

பிளானைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது என்று இருக்க வேண்டாம். முதல் மாத பிரீமியத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு நீங்கள் தனியே கட்டினால்தான் காப்பீடு தொடங்கும். டாக்டர் அலுவலகத்தில் அட்டையை நீட்டும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது.

வேறு மாநிலத்துக்கு மாறினால் கணக்கு கூடவே வராது. புது மாநிலத்தில் 60 நாளுக்குள் புதிதாக விண்ணப்பித்து, அது தொடங்கும் தேதி உறுதியான பிறகு பழையதை நீங்களே ரத்து செய்யுங்கள். தானியங்கிக் கட்டணம் போட்டிருந்தால் வங்கியில் அதையும் நிறுத்துங்கள். இரண்டு சந்தையிலும் ஒரே மாதத்துக்கு மானியம் ஓடினால், வரிக் கணக்கு நேரத்தில் ஒரு பக்கத்து மானியம் உங்கள் கையிலிருந்து போகும்.